விற்கும் பொருளின் குறையைச் சொல்லுதல்

சென்ற மாதம் ஒரு நாள் அஸர் தொழுகை முடிந்து மஸ்ஜிதின் வராந்தாவில் அமர்ந்திருந்தோம். ஊரப்பாக்கத்தில் வசிக்கும் ஓர் இளைஞர் ஸலாம் சொல்லி அருகில் வந்து அமர்ந்தார். கத்தாரில் வேலை கிடைத்துவிட்டது, விஸா வந்துவிட்டது, இன்னும் பதினெட்டு நாட்களில் பயணம் என்றார். பிறகு சற்றுத் தயங்கி, "ஹஜ்ரத், காரை விற்றுவிட்டுப் போக வேண்டும். அதில் ஒரு மஸ்அலா இருக்கிறது" என்றார்.

அவருடைய கார் 2008ல் பதிவான மிட்சுபிஷி லான்ஸர் ஸீடியா. ஜப்பானியக் கம்பெனியின் வண்டி. நம் திருவள்ளூரில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் தொழிற்சாலையில் தயாரானது. வேகப் பிரியர்களிடையே அதற்கு இன்றும் தனி மதிப்பு உண்டு. இவர் அதை 2018ல் இரண்டாம் கையாக வாங்கி, சம்பளத்தில் மிச்சம் பிடித்ததையெல்லாம் அதில் கொட்டியிருக்கிறார். ஸ்பிரிங்குகளை மாற்றி வண்டியைத் தாழ்த்தினார். அகலமான அலாய் வீல் போட்டார். உறுமுகிற சைலென்ஸர் பொருத்தினார். எஞ்சினை ஆளும் கணினிப் பெட்டியில் மாற்றம் செய்து வேகத்தைக் கூட்டினார். 2023ல் பதினைந்து வருடம் முடிந்து பதிவைப் புதுப்பித்தபோது பழைய உதிரிகளை மாட்டிக் காட்டிவிட்டு, மறு வாரமே கழற்றி வைத்துக் கொண்டாராம். இதைச் சொல்லும்போது தலை குனிந்து கொண்டார்.

ஆனால் அவருடைய கேள்வி அதுவன்று. 2021ல் மெக்கானிக் ஒருவர் காரின் தரைவிரிப்பைத் தூக்கியபோது அடியில் காய்ந்த வண்டல் படிந்திருந்ததாம். வயர் இணைப்புகளில் பச்சை பூத்திருந்ததாம். "தம்பி, இது 2015 வெள்ளத்தில் கிடந்த வண்டி" என்று மெக்கானிக் சொல்லிவிட்டார். இவருக்கு விற்றவர் அதை மூச்சுவிடவில்லை.

"வெள்ளத்தைப் பற்றிச் சொல்லாமல் விற்றால் மூன்றரை லட்சம் வரும். சொன்னால் இரண்டு லட்சம் வருவதே கஷ்டம். அத்தாவின் ஆபரேஷனுக்கு வாங்கிய கைக்கடன் இருக்கிறது, அதை அடைத்துவிட்டுப் போக வேண்டும். வண்டியை நான் தண்ணீரில் விடவில்லை. எனக்கு விற்றவரும் என்னிடம் சொல்லவில்லை. நான் மட்டும் ஏன் சொல்ல வேண்டும்?" என்று கேட்டார்.

அவருக்கு அன்று நாம் சொன்ன பதிலைச் சற்று விரித்து இங்கே எழுதுகிறோம். வெளிநாட்டுப் பயணம் நம் குடும்பங்களில் புதியதன்று. புறப்படும் முன் காரோ, மோட்டார் சைக்கிளோ, குளிர்சாதனப் பெட்டியோ ஏதோ ஒன்றை விற்காத வீடும் அரிது. ஆகவே இது எல்லோருக்கும் பயன்படும்.

மழையில் நனைந்த தானியம்

பெருமானார் (ஸல்) அவர்கள் மதீனாவின் கடைத்தெருவில் ஒரு தானியக் குவியலைக் கடந்து சென்றார்கள். அதனுள் கையை நுழைத்தபோது விரல்களில் ஈரம் பட்டது. இது என்ன என்று வியாபாரியை வினவினார்கள். மழை பெய்து நனைந்துவிட்டது என்றார் அவர். மக்கள் பார்க்கும்படி நனைந்ததை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு, மோசடி செய்பவர் தம்மைச் சேர்ந்தவர் அல்லர் என்று கண்டித்தார்கள். அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்கும் இச்செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். மழையை அந்த வியாபாரி பெய்விக்கவில்லை. தானியம் நனைந்தது அவர் குற்றமன்று. நனைந்தது என்பதற்காக அதை விற்கக் கூடாது என்றும் தடுக்கப்படவில்லை. நனைந்ததை அடியிலும் உலர்ந்ததை மேலேயும் வைத்ததுதான் குற்றம்.

இளைஞரின் காருக்கும் இதுவே விடை. 2015 டிசம்பர் முதல் தேதியும் இரண்டாம் தேதியும் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியதை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். அடையாறு பெருகி முடிச்சூரும் வரதராஜபுரமும் நீரில் மூழ்கின. அப்போது மூழ்கிய வண்டிகளுக்கு அவற்றின் சொந்தக்காரர்கள் பொறுப்பல்லர். ஆனால் தண்ணீரில் கிடந்த வண்டி வெளிப்பார்வைக்கு உலர்ந்துவிட்டாலும் உள்ளே உலர்வதில்லை. வயர் இணைப்புகளைத் துரு மெல்ல மெல்லத் தின்னும். கணினிப் பெட்டி ஒரு நாள் சொல்லாமல் நின்றுபோகும். விபத்தில் விரிய வேண்டிய காற்றுப்பை விரியாமல் போகலாம். வாங்குகிறவர் தம் மனைவி மக்களை அதில் ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் போகப் போகிறவர். இதைச் சொல்லாமல் மறைப்பது பண மோசடியோடு நின்றுவிடுவதில்லை, பிறருடைய உயிரோடு விளையாடுவதும் ஆகும்.

குறை என்பது எது?

ஃபிக்ஹு நூல்களில் குறையை 'ஐப்' என்பார்கள். அந்தத் தொழிலில் பழகியவர்களின் வழக்கப்படி எது பொருளின் விலையைக் குறைக்குமோ அது ஐப் என்று ஹனஃபி இமாம்கள் இலக்கணம் கூறுகிறார்கள். விற்பவரின் ஆசையோ, வாங்குபவரின் மனமோ இதற்கு அளவுகோல் அன்று. கார் விஷயத்தில் அனுபவமுள்ள மெக்கானிக்கும் பழைய கார் வியாபாரியும் சொல்வதே அளவு.

இதில் நம் இளைஞருக்கு ஓர் அதிர்ச்சி இருந்தது. வெள்ளம்தான் குறை, தாம் செய்த மாற்றங்களெல்லாம் சிறப்பு என்று அவர் எண்ணியிருந்தார். நாட்டின் சட்டம் அப்படிப் பார்க்கவில்லை. 1988ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரித்தவர் வகுத்த அமைப்பிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றலாகாது என்கிறது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதை உறுதி செய்தது. 2019ல் வந்த திருத்தச் சட்டத்தின்படி, அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். வாங்குபவர் அடுத்த நாளே இந்தச் சுமையைத் தலையில் ஏற்க நேரும். மாற்றங்களை இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குத் தெரிவிக்காமல் இருந்தால் நஷ்ட ஈடு கேட்கும்போது தகராறும் வரும். விற்பவர் எதைத் தம் பெருமை என்று காட்டுகிறாரோ அதுவே வாங்குபவருக்கு ஐப் ஆகிவிடுகிறது.

ஆகவே அசல் உதிரிகள் கையில் இருந்தால் அவற்றைத் திரும்பப் பொருத்தி, வண்டியைச் சட்டத்துக்கு உட்பட்ட நிலைக்குக் கொண்டுவந்து விற்பதே சரி. அப்படிச் செய்த பிறகும், இன்னின்ன மாற்றங்களோடு இத்தனை வருடம் ஓடியது என்பதைச் சொல்ல வேண்டும். கூட்டிய வேகத்தில் உழைத்த எஞ்சின் மற்ற எஞ்சின்களைப் போன்றதன்று. இரவில் தெருவையே எழுப்பும் சைலென்ஸரால் அண்டை வீட்டாருக்குத் தொல்லை கொடுத்த பாவத்தைப் பற்றித் தனியே தவ்பாச் செய்துகொள்ள வேண்டும் என்றும் சொன்னோம். வேகத்தில் ஆசையுள்ளவர்களுக்கு இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத் திடல் இருக்கிறது. ஜி.எஸ்.டி. சாலை அதற்கு உரிய இடமன்று.

மடியில் பாலைத் தேக்கிய ஒட்டகம்

அக்காலத்து அரபுச் சந்தையில் ஒரு தந்திரம் இருந்தது. விற்பதற்குச் சில நாள் முன்பிருந்தே ஆட்டையோ ஒட்டகத்தையோ கறக்காமல் விட்டுவிடுவார்கள். மடி பருத்திருப்பதைப் பார்த்து, தினமும் இவ்வளவு பால் தரும் போலும் என்று வாங்குபவர் ஏமாறுவார். இதைப் பெருமானார் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். ஏமாந்தவர் விரும்பினால் வைத்துக்கொள்ளலாம், விரும்பாவிட்டால் ஒரு ஸாஉ பேரீச்சம் பழத்தோடு திருப்பிக் கொடுக்கலாம் என்றும் அருளினார்கள். திருப்பிக் கொடுக்கும் முறையில் மத்ஹபுகளிடையே கருத்து வேற்றுமை உண்டு. அந்தச் செயல் ஹராம் என்பதில் வேற்றுமை இல்லை.

இந்த ஒட்டகம் இன்றைய சந்தையில் பல உருவங்களில் நிற்கிறது. ஓடிய கிலோமீட்டரை மீட்டரில் குறைத்து வைப்பது ஒன்று. எஞ்சினின் ஓசையை ஒரு வாரம் அடக்கி வைக்கக் கெட்டியான எண்ணெய் ஊற்றுவது இன்னொன்று. பழுதைக் காட்டும் சிவப்பு விளக்கு எரியாமலிருக்க அதன் இணைப்பையே துண்டித்துவிடுவது மற்றொன்று. இவை வாயால் சொன்ன பொய்கள் அல்ல என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். ஒட்டகக்காரரும் வாய் திறக்கவில்லை. மடியே அவருக்காகப் பொய் சொன்னது.

வண்டியைக் கழுவித் துடைத்து மெருகேற்றி வைப்பதில் தவறு இல்லை. அது பொருளை நல்ல முறையில் காட்டுவது. இல்லாததை இருப்பதாகவும் இருப்பதை இல்லாததாகவும் காட்டுவதே தவறு.

"உள்ளது உள்ளபடி" என்னும் நிபந்தனை

"உள்ளது உள்ளபடி எடுத்துக்கொள்ளுங்கள், பிறகு என்னைக் கேட்கக் கூடாது என்று எழுதி வாங்கிவிட்டால் என் பொறுப்பு தீர்ந்துவிடாதா?" என்று இளைஞர் கேட்டார். நல்ல கேள்விதான். பழைய வண்டி விற்பனையில் பெரும்பாலோர் கைக்கொள்ளும் வழி இதுவே.

இப்னு உமர் (ரலி) அவர்கள் ஓர் அடிமையை, குறைகளுக்குத் தாம் பொறுப்பல்ல என்ற நிபந்தனையோடு எண்ணூறு திர்ஹத்துக்கு விற்றார்கள். வாங்கியவர் ஒரு குறையைக் கண்டு கலீஃபா உஸ்மான் (ரலி) அவர்களிடம் வழக்குக் கொண்டுவந்தார். விற்கும்போது அக்குறை தெரியாது என்று சத்தியம் செய்யும்படி கலீஃபா இப்னு உமரிடம் கேட்டார்கள். அவர்கள் சத்தியம் செய்ய மறுத்து, அடிமையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். பின்னர் அதே அடிமை அவர்களிடமிருந்து ஆயிரத்து ஐந்நூறு திர்ஹத்துக்கு விலை போனதாக இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவில் காண்கிறோம்.

ஷாஃபிஈ மத்ஹபில் இத்தகைய நிபந்தனை, உயிர்ப்பிராணிகளில் விற்பவருக்கே தெரியாத உள்குறைகளுக்கு மட்டுமே செல்லும். வேறு எதற்கும் செல்லாது. ஹனஃபி மத்ஹபில் நிபந்தனை பொதுவாகச் செல்லும். ஆனால் வழக்கில் செல்வது வேறு, மறுமையில் செல்வது வேறு. தெரிந்தே ஏமாற்றியவரின் பாவத்தைக் கழுவும் நிபந்தனை எந்த மத்ஹபிலும் இல்லை. சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லிவிட்டு, நமக்கே தெரியாததற்கு மட்டும் "உள்ளது உள்ளபடி" என்று சொன்னால் அது நேர்மையான பேச்சு.

"எனக்குச் சொல்லவில்லையே!"

தாம் ஏமாற்றப்பட்டது அந்த இளைஞரின் உள்ளத்தில் ஆறாத புண்ணாக இருந்தது. அதை நாம் அலட்சியப்படுத்தவில்லை. குறையை மறைத்து விற்கப்பட்டவருக்கு வியாபாரத்தை முறிக்கும் உரிமை உண்டு. ஷாஃபிஈ மத்ஹபில் குறையைக் கண்டதும் தாமதியாமல் அதைக் கேட்டுவிட வேண்டும். வாங்கியவர் கையில் பொருள் வேறுவிதமாக மாறிவிட்டால் திருப்புவதற்குப் பதில் விலையில் ஒரு பகுதியைக் கோரலாம். இவரோ 2021ல் அறிந்த பிறகும் அந்தக் காரை ஓட்டிக்கொண்டே இருந்தார். இது குறையைப் பொருந்திக்கொண்டதாகவே ஆகும். முதல் விற்பனையாளர் செய்த பாவம் அவருடைய கணக்கில் இருக்கிறது. அதை இவர் வாங்கி மூன்றாமவர் கணக்கில் எழுத முடியாது. தமக்குக் கிடைத்த கள்ள நோட்டைத் தெரிந்துகொண்டே கடைக்காரரிடம் தள்ளிவிடுபவரை நாம் ஏமாந்தவர் என்று சொல்வதில்லை அல்லவா?

வாஸிலா இப்னு அஸ்கஃ (ரலி) அவர்களின் செய்தி இங்கே நினைவுக்கு வருகிறது. அவர்களுடைய வீட்டிலிருந்து ஒருவர் ஒட்டகம் வாங்கிச் செல்லும்போது, வாஸிலா அவர்கள் பின்னாலேயே விரைந்து வந்து, இது இறைச்சிக்கா பயணத்துக்கா என்று விசாரித்தார்கள். ஹஜ்ஜுப் பயணத்துக்கு என்றார் அவர். அதன் குளம்பில் துளை இருக்கிறது என்று வாஸிலா அவர்கள் சொல்லிவிட்டார்கள். வியாபாரத்தைக் கெடுக்கிறீரே என்று விற்றவர் வருந்தியபோது, குறையைச் சொல்லாமல் விற்பது ஹலால் அன்று என்றும், அறிந்தவர் சொல்லாமலிருப்பதும் ஹலால் அன்று என்றும் தாம் பெருமானாரிடம் கேட்டதை எடுத்துரைத்தார்கள். ஆகவே இந்தக் கடமை விற்பவரோடு முடிவதில்லை. வண்டியை அறிந்த மெக்கானிக்கும், தரகரும், உடன் நிற்கும் நண்பரும் இதில் சேர்ந்தவர்களே.

விலையும் முன்பணமும்

வாங்குவது போல நடிக்கும்படி தம்பியையோ நண்பனையோ ஏற்பாடு செய்து விலையை ஏற்றுவது 'நஜ்ஷ்' எனப்படும் தடுக்கப்பட்ட செயல். ஒருவரிடம் விலை முடிந்த பின் அதிகம் தருகிறேன் என்று வரும் இன்னொருவருக்குக் கொடுப்பதும் கூடாது.

முன்பணம் வாங்கிய பின் வாங்குபவர் பின்வாங்கிவிட்டால் அந்தப் பணத்தை வைத்துக்கொள்ளலாமா? ஹனஃபி, ஷாஃபிஈ, மாலிகி மத்ஹபுகளில் கூடாது, திருப்பித் தர வேண்டும். ஹன்பலி மத்ஹபில் மட்டும் அனுமதி உண்டு. நம் பக்கத்தில் பெரும்பாலோர் முதலிரண்டு மத்ஹபுகளைச் சேர்ந்தவர்களே. வாங்குபவர் மூன்று நாட்கள் வரை யோசித்து முடிவு செய்ய அவகாசம் வைத்துப் பேசிக்கொள்வதும் ஆகும். அந்த அவகாசத்தில் தமக்கு நம்பிக்கையான மெக்கானிக்கிடம் காட்டட்டும்.

வாங்குபவர்களுக்கும் ஒரு வார்த்தை. பயணத் தேதி நெருங்கியவரின் அவசரத்தைப் பார்த்து அடிமாட்டு விலைக்குக் கேட்பது அழகன்று. ஜரீர் (ரலி) அவர்களுக்காக முந்நூறுக்கு விலை முடிந்த ஒரு குதிரை அதற்கு மேல் பெறும் என்று கண்டு, அவர்களே விலையை ஏற்றிக்கொண்டே போய் எண்ணூறு கொடுத்தார்கள்.

பெயர் மாற்றமும் பொறுப்பே

பணத்தை வாங்கிச் சாவியைக் கொடுத்தவுடன் தம் கடமை முடிந்தது என்று பலர் விமானம் ஏறிவிடுகிறார்கள். மார்க்கப்படி வியாபாரம் முடிந்துவிட்டது. சட்டப்படி பதிவுச் சான்றிதழில் பெயர் மாறும்வரை பழையவரே சொந்தக்காரர். 2007ல் விற்கப்பட்டுப் பல கை மாறிய ஒரு கார் 2009ல் விபத்துக்குள்ளானது. பதிவில் பெயர் மாறாதிருந்ததால் முதலில் விற்றவரே நஷ்ட ஈட்டுக்குப் பொறுப்பு என்று சுப்ரீம் கோர்ட் 2018 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. வெளிநாட்டில் இருப்பவருக்கு இப்படியொரு நோட்டீஸ் வந்தால், ஊரில் இருக்கும் வயதான பெற்றோர்தாம் கோர்ட்டுக்கு அலைய வேண்டும்.

ஆகவே படிவம் 29, படிவம் 30 இரண்டையும் முழுவதுமாக நிரப்பிக் கையெழுத்திட வேண்டும். வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுத் தரகரிடம் கொடுத்துவிட்டுப் போவது பெரும் ஆபத்து. விற்றவர் பதினான்கு நாட்களுக்குள்ளும், வாங்கியவர் முப்பது நாட்களுக்குள்ளும் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். வண்டி வேறு மாநிலத்துக்குப் போவதானால் ஆட்சேபணை இல்லை என்ற சான்று வேண்டும். வங்கிக் கடன் நிலுவை இருந்தால் வண்டி அடமானப் பொருள். அடமானம் பெற்றவரின் சம்மதமின்றி விற்பது ஷரீஅத்திலும் செல்லாது. கடனை அடைத்து, வங்கியின் சான்றும் படிவம் 35ம் பெற்று, பதிவிலிருந்து கடன் குறிப்பை நீக்கிய பிறகே விற்க வேண்டும். போலீஸ் அபராதங்களைக் கட்டி, ஃபாஸ்டேகை நிறுத்தி, இன்ஷூரன்ஸைத் தம் பெயருக்கு மாற்றப் பதினான்கு நாட்களுக்குள் விண்ணப்பிக்கும்படி வாங்கியவரிடம் சொல்லிவிட வேண்டும்.

பயணத்துக்கு முன் விற்க முடியாவிட்டால் தம்பியையோ மச்சானையோ 'வக்கீல்' ஆக்கிவிட்டுப் போகலாம். அவருக்கு எல்லாக் குறைகளையும் சொல்லி, எழுதியும் கொடுக்க வேண்டும். கடனுக்கு விற்கலாமா, எந்த விலைக்குக் கீழே இறங்கலாகாது என்பதையும் தெளிவாகச் சொல்ல வேண்டும். வக்கீல் அந்தப் பொருளைத் தாமே தமக்கு விற்றுக்கொள்ள முடியாது.

புறப்படும் முன்

மக்காவை விட்டுப் பெருமானார் (ஸல்) அவர்கள் ஹிஜ்ரத் புறப்பட்ட இரவு எத்தகையது என்பதை எல்லோரும் அறிவோம். வாசலில் வாள்கள் காத்திருந்தன. அந்த நிலையிலும், தம்மிடம் மக்கள் ஒப்படைத்திருந்த அமானிதங்களை உரியவர்களிடம் சேர்ப்பதற்காக அலீ (ரலி) அவர்களை அங்கேயே தங்க வைத்தார்கள். அலீ அவர்கள் மூன்று நாள் இருந்து எல்லாவற்றையும் ஒப்படைத்த பிறகே மதீனா புறப்பட்டார்கள். ஊரை விட்டுப் போகிறவர் பின்னால் எதை விட்டுச் செல்ல வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு பாடம் தேவையில்லை.

இளைஞர் எழுந்து போகும்போது முகம் தெளிவாக இல்லை. ஒன்றரை லட்சம் ரூபாய் சிறு தொகையன்று. அதற்கு நம்மிடம் மாற்று ஏதும் இருக்கவில்லை. கடன் கொடுத்த உறவினரிடம் உண்மையைச் சொல்லித் தவணை கேட்கும்படி மட்டும் சொன்னோம். இயலாத கடனாளிக்கு அவகாசம் கொடுப்பதைத் திருக்குர்ஆன் அல்பகரா அத்தியாயத்தில் ஏவியிருக்கிறது.

பயணத்துக்கு முந்தின நாள் விடைபெற வந்தார். கையில் ஒரு தாள். அசல் உதிரிகளைப் பொருத்திவிட்டு, வண்டியின் குறைகளைப் பதினொன்றாக வரிசைப்படுத்தி எழுதியிருந்தார். முதல் குறை வெள்ளம். பார்க்க வந்த இருவர் அந்தத் தாளைப் படித்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டார்களாம். மூன்றாமவர் கூடுவாஞ்சேரிக்காரர், முஸ்லிம் அல்லர். மெக்கானிக்கோடு வந்து இரண்டு மணி நேரம் சோதித்துவிட்டு இரண்டு லட்சத்து இருபதாயிரத்துக்கு எடுத்துக்கொண்டார். வயரிங் முழுவதையும் மாற்றிய பிறகுதான் குடும்பத்தை ஏற்றுவேன் என்று சொன்னாராம். தாளின் அடியில் இருவரும் கையெழுத்திட்டு ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொண்டார்கள். கடனில் பாதிக்கு மேல் அடைந்துவிட்டது, மீதிக்கு உறவினர் ஆறு மாதம் தவணை கொடுத்தார் என்றார்.

"நஷ்டம்தான் ஹஜ்ரத். ஆனால் போன் அடித்தால் பயமில்லாமல் எடுக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

விற்பவரும் வாங்குபவரும் உண்மை பேசிக் குறையை விளக்கினால் அவர்கள் வியாபாரத்தில் பரக்கத் உண்டு என்றும், மறைத்துப் பொய் சொன்னால் அந்தப் பரக்கத் அழிந்துவிடும் என்றும் ஹகீம் இப்னு ஹிஸாம் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இருக்கிறது. நம் வீடுகளில் அடுத்து எதை விற்க நேர்ந்தாலும் அந்தப் பொருளோடு அதன் குறைகளை எழுதிய ஒரு தாளும் போகட்டும். நம் கொடுக்கல் வாங்கலை அல்லாஹுதஆலா தூய்மையாக்கி அருள்வானாக. ஆமீன்.